கோபமா, போதையா?

புதன்கிழமை கட்டிங் செக்‌ஷனில் நடந்த சண்டையைப் பற்றி வெள்ளிக்கிழமை காலை வரை முதலாளி தங்கராஜ் வாயே திறக்கவில்லை. நாகஜோதிக்கு அதுதான் பயமாக இருந்தது.

சண்டை போட்டவர் அவளுடைய அப்பா. அந்தப் பனியன் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர் தவசி.

பேண்ட் நைஃப் மெஷினில் துணி வெட்டும் சித்ரகலாவின் ஸ்டீல் கிளவுஸ் கம்பி பிய்ந்துபோயிருந்தது. வேறு கிளவுஸ் ஸ்டோரில் பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருந்தவர் லீவு. இன்று ஒரு நாள் வெறுங்கையோடு ஓட்டட்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். தவசி மெயின் சுவிட்சை அணைத்தார். கையிலிருந்த துணிக்கட்டைத் தரையில் வீசினார். மேனேஜரைப் பார்த்து அவர் போட்ட சத்தம் செக்கிங் டேபிள் வரை கேட்டது.

சரியாக அந்த நேரத்தில்தான் அமெரிக்காவிலிருந்து வந்திருந்த டேனா அம்மையார் உள்ளே நுழைந்தார். குழந்தைகளின் டி-ஷர்ட் ஆர்டர் கொடுக்கும் பெரிய கம்பெனியின் சார்பில் ஃபேக்டரியைப் பார்த்துப் போக வந்தவர். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. வாசலருகே சற்று நேரம் நின்று பார்த்தார். பிறகு யாரிடமும் எதுவும் கேட்காமல் அடுத்த செக்‌ஷனுக்கு நடந்தார். மறுநாளே பெங்களூருவுக்குப் போய்விட்டார்.

இப்போது அவரிடமிருந்து போன் வரப்போகிறது.

மீட்டிங் ரூமில் தங்கராஜும் அவர் மகன் மகுடேஸ்வரனும் உட்கார்ந்திருந்தார்கள். மேசையின் ஓரத்தில் நாகஜோதி. ஜூனியர் மெர்ச்சண்டைசர் என்று சேர்ந்து ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. ஆர்டர் கொடுக்கும் பையர் சொல்வதைக் குறித்துக்கொள்வது அவள் வேலை.

போனை ஸ்பீக்கரில் போட்டார்கள். டேனாவின் குரல் விட்டு விட்டுக் கேட்டது. துணி நன்றாக இருக்கிறது. அளவு சரியாக இருக்கிறது. ஒவ்வொரு மெஷினுக்கும் கிளவுஸ் கொடுத்துப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். தங்கராஜ் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

அடுத்து டேனா சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது.

“யுவர் கட்டிங் மாஸ்டர் வாஸ் பிஸ்ட்.”

அதற்குப் பிறகு ஒரே கரகரப்பு. நடுவில் “டோன்ட் பிளேம் ஹிம்” என்று மட்டும் காதில் விழுந்தது.

மகுடேஸ்வரனின் முகம் சுருங்கிவிட்டது. “வெரி சாரி, மேம். வி வில் டேக் ஆக்‌ஷன்” என்று அவசரமாகச் சொன்னான். டேனா ஏதோ பதில் சொன்னார். அதற்குள் லைன் அறுந்துவிட்டது.

“என்னப்பா சொல்றாங்க?” என்றார் தங்கராஜ்.

மகுடேஸ்வரன் நாகஜோதியைப் பார்த்தான். பார்த்துவிட்டு உடனே பார்வையை விலக்கிக்கொண்டான்.

“நாகஜோதி, கொஞ்ச நேரம் வெளியில இருங்க.”

அவள் எழுந்து வந்தாள். கதவுக்கு வெளியே நின்று போனை எடுத்தாள். அந்த வார்த்தையை அவள் அதற்கு முன் கேட்டதில்லை. எழுத்துகளை யோசித்து யோசித்துத் தட்டினாள். முதலில் வந்த அர்த்தத்தைப் படித்ததும் திரையை அணைத்துவிட்டாள்.

குடிபோதையில் இருப்பது.

தவசி குடியை விட்டு இரண்டு தீபாவளி போய்விட்டது. அதற்கு முன்னால் அவர் கம்பெனிக்குள்ளேயே நிலை தடுமாறி விழுந்திருக்கிறார். தங்கராஜ் வேலையை விட்டு நிறுத்தியிருக்கிறார். அம்மா மூக்கம்மாள் தாலிக்கொடியை விற்று வைத்தியம் பார்த்தாள். சரியாகித் திரும்பி வந்தவரை அதே தங்கராஜ்தான் மறுபடியும் சேர்த்துக்கொண்டார். அதெல்லாம் முடிந்துபோன கதை என்றுதான் அந்த வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

நாகஜோதிக்குப் புதன்கிழமை சாயங்காலம் நினைவுக்கு வந்தது. அப்பா அன்று சரியாகச் சாப்பிடவில்லை. யாரோடும் பேசவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அலுப்பு என்று அம்மா சொன்னாள்.

அலுப்புதானா?

தவசியைக் கூப்பிட்டனுப்பினார்கள். தோளில் அளவு டேப் தொங்க, துணித்தூசி படிந்த தலையோடு வந்தார். மகளைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டு உள்ளே போனார். கதவு முழுதாகச் சாத்தவில்லை.

“தவசி, உக்காருங்க” என்றார் தங்கராஜ்.

“இருக்கட்டும்ங்கய்யா. என்ன விசயம்?”

“பொதங்கெழம குடிச்சிருந்தீங்களா?”



“என்னங்கய்யா கேக்குறீக?”

“நாங்களாக் கேக்கலீங்க. அந்தம்மா போன்ல சொல்லிப்போட்டாங்க.”

“அவுக எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலையே. பக்கத்துல கூட வரல. வாசல்ல நின்னு பாத்தாக. அங்கன இருந்தே தெரிஞ்சுபோச்சாக்கும்.”

“தவசியண்ணா, கோவிச்சுக்காதீங்க” என்றான் மகுடேஸ்வரன். “அவங்க பெருந்தன்மையா, உங்களக் குத்தஞ்சொல்லலன்னுதான் சொன்னாங்க. ஆனா நாம சும்மா இருந்தா ஆர்டரே போயிருமுங்க.”

“நான் குடிக்கல சின்னய்யா.”

“அன்னைக்கு உங்களத் திரும்பச் சேத்துக்கறப்ப நான் என்ன சொன்னேனுங்க?” தங்கராஜின் குரல் கனத்திருந்தது.

“ஒருக்காக் குடிச்சாலும் வேலை இல்லன்னீக.”

“நெனப்பு இருக்குதுல்ல. இப்ப ஊட்டுக்குப் போங்க. திங்கக்கெழம சொல்லி அனுப்பறேன்.”

தவசி வெளியே வந்தார். மகளின் கையிலிருந்த போனைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

“அப்பா…” என்றாள் நாகஜோதி.

“நேரத்துக்குச் சாப்புடு தாயி” என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார்.

வேலம்பாளையத்தில் அவர்கள் இருந்தது வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. மூக்கம்மாள் பக்கத்துத் தெரு யூனிட்டில் செக்கிங் வேலை பார்க்கிறாள். மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்தவள், கதவு திறந்திருப்பதைக் கண்டு திடுக்கிட்டாள். உள்ளே தவசி பனியனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்.

“என்னங்க, மேலுக்கு முடியலையா?”

“வேலைய விட்டு அனுப்பிட்டாக.”

“எதுக்கு?”

“குடிச்சிருந்தேனாம். அந்த வெள்ளைக்காரம்மா சொல்லிருச்சாம்.”

மூக்கம்மாள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அப்படியே அவர் முன்னால் குந்தினாள். இத்தனை வருடத்தில் அவள் ஆயிரம் முறை செய்ததுதான். கை தானாகவே அவர் தாடையைப் பிடித்தது.

“வாயத் தெறங்க.”

தவசி அவளைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

மூக்கம்மாள் குனிந்து முகர்ந்தாள். டீ வாசனை மட்டும்தான் வந்தது. அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டாள். அதன் பிறகுதான் தான் செய்த காரியம் அவளுக்கே உறைத்தது.

“இன்னைக்கு நாத்தம் இல்ல” என்றார் தவசி. “பொதங்கெழம இருந்துச்சா இல்லையான்னு யாருகிட்டப் போய்க் கேப்ப?”

“நான் அப்புடி நெனச்சுச் செய்யலங்க.”

“சரி விடு.”

“கை பழகிருச்சு. நான் என்ன செய்ய?”

“தப்புச் சொல்லல மூக்கம்மா. பழக்கி விட்டவன் நான்தான.”

அவர் கோபமாகப் பேசியிருந்தால் அவளுக்கு அழுகை வந்திருக்காது.

கம்பெனியில் சாப்பாட்டு மணி அடித்தும் நாகஜோதி டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. சித்ரகலா அவள் எதிரே வந்து உட்கார்ந்தாள். செக்‌ஷன் முழுக்க விஷயம் பரவிவிட்டது.

“ஏங் கண்ணு, உங்கப்பா குடிச்சிருந்தாருன்னு பேசிக்கறாங்களே, யாருங்க அப்படிச் சொன்னது?”

நாகஜோதி போனைக் கவிழ்த்து வைத்தாள்.

“நான் பக்கத்துல தானுங்க நின்னுட்டிருந்தேன். எம் மூஞ்சிக்கு நேரா நின்னு, கைய எடும்மான்னாரு. குடிச்சிருந்தா எனக்குத் தெரியாதுங்களா? எங்கூட்டுக்காரர் குடிக்கற ஆளு. எனக்கு அந்த வாசம் தெரியாமயா இருக்கும்?” சித்ரகலா தன் விரல்களை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். “அவருக்கு வந்தது கோவம் கண்ணு. எனக்காக வந்த கோவம். அன்னைக்கு அவரு அந்த சுவிச்ச அணைக்கலைன்னா, மேனேஜர் சொன்னாருன்னு நான் கைய உட்டிருப்பேன்.”

கோபம்.

கல்லூரியில் தோழிகள் சேர்ந்து ஆங்கில சீரியல் பார்ப்பார்கள். அதில் கோபம் வந்தவர்களெல்லாம் சொல்லும் ஒரு வார்த்தை நாகஜோதிக்கு நினைவு வந்தது. பிஸ்ட் ஆஃப். அது வேறு வார்த்தையா, இதுவேதானா? மறுபடி போனை எடுத்தாள். காலையில் முதல் வரியோடு நிறுத்தியிருந்தாள். இப்போது கீழே வரை படித்தாள்.

இங்கிலாந்தில் பிஸ்ட் என்றால் போதை. பிஸ்ட் ஆஃப் என்றால் கடுங்கோபம். அமெரிக்காவில் ஆஃப் சேர்க்காமல் வெறும் பிஸ்ட் என்று சொன்னாலே பெரும்பாலும் கோபம்தான்.

டிபன் பாக்ஸை அப்படியே வைத்துவிட்டு அவள் மகுடேஸ்வரனின் அறைக்குப் போனாள்.

அவன் பொறுமையாகக் கேட்டான். கேட்டுவிட்டுத் தலையை அசைத்தான்.

“நான் இங்கிலாந்துல ரெண்டு வருஷம் படிச்சேனுங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலமானா என்கூட இருந்த பசங்க எல்லாரும் சொல்ற வார்த்தை அது. எனக்குத் தெரியாதா?”

“அவங்க அமெரிக்காக்காரங்க சார்.”

மகுடேஸ்வரன் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தான்.

“நீங்க சொல்றபடியும் இருக்கலாம். ஆனா எப்படிங்க உறுதியாச் சொல்றது?”

“அவங்களையே கேட்டுரலாம் சார்.”

“எப்படிக் கேக்கறது? எங்க மாஸ்டர் குடிச்சிருந்தாரா, கோபமா இருந்தாரான்னு நாமளே பையர்கிட்டக் கேட்டா, இவங்க எப்படி ஃபேக்டரி நடத்தறாங்கன்னு நெனப்பாங்க. கேக்காம இருந்தா இது இத்தோட முடிஞ்சிரும்.”

“எங்கப்பாவுக்கு முடியாதே சார்.”

அவன் மேசை போனைப் பார்த்தான்.

“கம்பெனி கேக்க வேண்டாம். நான் கேக்கறேன். மகள் கேக்கறான்னு வச்சுக்கட்டும். தப்பாப் போச்சுன்னா என்னையும் அனுப்பிருங்க.”

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே புரிந்தது. அப்பாவின் சம்பளத்துக்கு அடுத்து வீட்டில் பெரியது அவளுடையதுதான்.

மகுடேஸ்வரன் மேசை போனை எடுத்தான். நம்பரைத் தட்டி, ரிசீவரை அவளிடம் நீட்டினான்.

மணி நெடுநேரம் அடித்தது. டேனா எடுத்தார். அதற்குள் நாகஜோதி மனதுக்குள் கோத்து வைத்திருந்த ஆங்கில வாக்கியம் எங்கோ போய்விட்டது. தன் பெயரைச் சொன்னாள். கட்டிங் மாஸ்டர் என் அப்பா என்றாள். நீங்கள் காலையில் சொன்ன அந்த ஒரு சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். இங்கே எல்லோரும் அதைக் குடி என்று புரிந்துகொண்டார்கள், அப்பாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றாள். இலக்கணம் சரியாக இருந்ததா என்று அவளுக்குத் தெரியாது.

லைன் மறுபடி அறுந்துவிட்டதோ என்று ரிசீவரைக் காதோடு அழுத்தினாள்.

பிறகு டேனா மெதுவாகப் பேசினார். இல்லை, இல்லை, இல்லை என்று முதலில் பலமுறை சொன்னார். கோபமாக இருந்தார் என்றுதான் சொன்னேன் என்றார். அந்தப் பெண்ணின் கைக்காக ஒரு மனிதர் மெஷினையே நிறுத்தினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், நானாக இருந்தால் இன்னும் பெரிதாகக் கத்தியிருப்பேன் என்றேன். அது உங்களுக்குக் கேட்கவில்லையா என்றார். ஆக்‌ஷன் எடுப்பதாக உங்கள் சின்ன முதலாளி சொன்னபோது, கிளவுஸ் வாங்கித் தரப்போகிறார் என்றுதான் நினைத்தேன் என்றார்.

கடைசியில், உன் அப்பாவிடம் நான் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல்லு என்றார்.

நாகஜோதி ரிசீவரை மகுடேஸ்வரனிடம் கொடுத்தாள். அவன் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தான். “யெஸ் மேம்” என்பதைத் தவிர அவன் வேறெதுவும் பேசவில்லை. வைத்த பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“அப்பாகிட்ட நானே சொல்றேனுங்க” என்று எழுந்தான்.

தங்கராஜ் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஆளை அனுப்பி அழைத்துவரச் சொல்லலாம் என்றான் மகன். அவர் அதற்கு ஒப்பவில்லை.

“போகச் சொன்னது நானு. போய்க் கூப்புடறதும் நாந்தேன். வண்டிய எடு. கண்ணு, நீயும் வா.”

கார் லைன் வீடுகளுக்கு முன்னால் நின்றபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மூக்கம்மாள் பதறிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். தங்கராஜ் உட்காரவில்லை. தவசி எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

“தப்பு எங்க மேலதானுங்க தவசி” என்றார் தங்கராஜ்.

மகுடேஸ்வரன் முழுவதையும் சொன்னான். இங்கிலாந்தில் எப்படி, அமெரிக்காவில் எப்படி, ஆஃப் சேர்த்தால் என்ன, சேர்க்காவிட்டால் என்ன. தவசி கவனமாகக் கேட்டார்.

“ரெண்டு பேரும் ஒரே பாஷைதான சின்னய்யா பேசுறாக?”

“ஒரே பாஷைதானுங்கண்ணா.”

“பெறகு அவுகளுக்குள்ளயே எப்படித்தான் பொழைக்கிறாகளோ.”

மூக்கம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நாகஜோதிக்கும் சிரிப்பு வந்தது. காலையிலிருந்து இறுகிப்போயிருந்த வீடு கொஞ்சம் இளகியது.

“நாளைக்கு வந்துருங்க” என்றார் தங்கராஜ். “செக்‌ஷன்ல எல்லாத்துக்கும் முன்னால நானே சொல்லிப்போடறேன்.”

“சொல்லுங்கய்யா. நல்லது.” தவசி கைகூப்பினார். “நான் குடிக்கலன்னு நான் சொன்னப்ப உங்களுக்குத் தெரியல. அந்தம்மா சொன்னதும் தெரிஞ்சிருச்சு. பரவால்ல. எப்படியோ தெரிஞ்சுச்சே.”

அதில் வெடுக்கென்று எதுவும் இல்லை. தங்கராஜ்தான் தலையைக் குனிந்துகொண்டார். நாளைக்கு வருகிறேன் என்று தவசி சொல்லவில்லை என்பது கார் போன பிறகுதான் நாகஜோதிக்கு உறைத்தது.

மூக்கம்மாள் தோசை வார்த்தாள். மத்தியானம் யாருமே சாப்பிட்டிருக்கவில்லை. தவசி தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

“அந்த வார்த்தைக்குக் காலையிலயே போன்ல அர்த்தம் பாத்தியா தாயி?”

“ஆமாப்பா.”

“பாத்ததும் என்ன நெனச்ச?”

அடுப்பருகே மூக்கம்மாளின் கை நின்றது. இல்லை என்று சொல், நான் நம்பவே இல்லை என்று சொல் என்பதுபோல் மகளைப் பார்த்தாள். சொல்வதற்கு எளிதான பொய்தான். சொல்லியிருந்தால் அவர் நம்பியும் இருப்பார்.

“நம்பிட்டேன்ப்பா” என்றாள் நாகஜோதி. “சித்ரகலாக்கா வந்து சொல்ற வரைக்கும் நம்பிட்டுத்தான் இருந்தேன்.”

தவசி தட்டில் மிச்சமிருந்த துண்டை மெதுவாக மென்று விழுங்கினார். கண்ணை நிமிர்த்தி அவளைப் பார்க்கவில்லை.

“நீதான போன் போட்டுக் கேட்ட?”

“ஆமாப்பா.”

“ம்.”

எழுந்து கை கழுவினார். தலையை வாரிக்கொண்டார். செருப்பை மாட்டினார்.

“கடைக்குப் போயிட்டு வாரேன்.”

மூக்கம்மாளின் நாக்கு நுனிவரை ஒரு கேள்வி வந்தது. அதை அவள் விழுங்கினாள். தவசி வாசலில் ஒரு கணம் நின்றார். யாரும் எதுவும் கேட்காததைப் பார்த்துவிட்டுத் தெருவில் இறங்கினார்.

தெருமுனையில் இடது பக்கம் திரும்பினால் டீக்கடையும் மளிகைக்கடையும். வலது பக்கம் மெயின் ரோடு. அங்கே இருப்பது அவர் முன்பு வழக்கமாகப் போகும் மதுக்கடை.

மூக்கம்மாள் தோசைக் கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்தாள். வாசல்வரை போய் எட்டிப் பார்த்தால் போதும், எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று தெரிந்துவிடும்.

நாகஜோதி அவள் கையைப் பிடித்தாள்.

“வேண்டாம்மா.”

“பாத்துட்டு வந்துர்றேன்டி. ஒரே நிமிசம்.”

“பாக்க வேண்டாம்மா. உக்காரு.”

மூக்கம்மாள் உட்கார்ந்தாள். கல்லில் கிடந்த தோசை கருகத் தொடங்கியது. இருவரும் அதை எடுக்கவில்லை. செருப்புச் சத்தம் தெருமுனை வரை கேட்டது. அதற்கப்புறம் கேட்கவில்லை.